என்ர மெசினில ஓடுது

கொழும்பு மாநகரத்தில் காகங்களுக்கும் முச்சக்கர வண்டிகளுக்கும் அடுத்தபடியாகப் பெருகிக் கிடக்கும் ஓர் இனத்தைப் பற்றி இதுவரை ஒருவரும் உருப்படியாக எழுதாமல் விட்டது பெரிய குறை. அந்த இனத்தை ஓடுதுதானேக்காரர் என்று அழைக்கலாம். நல்ல பெயர் கிடைத்தால் நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள். அவர் கோபிக்க மாட்டார். தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று அவருக்கு ஒருகாலமும் தெரியப் போவதில்லை.

எப்படி அடையாளம் காண்பது? ஒரு பொருள் பழுதாகிவிட்டது என்று சொன்னால் சாதாரண மனிதன் "ஏன்?" என்று கேட்பான். இவர் "நேற்று ஓடினதுதானே?" என்று கேட்பார். அந்தப் பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஏன் ஓடுகிறது என்று இவர் கேட்பதேயில்லை. கேட்டால் நின்றுவிடும் என்பது அவர் நம்பிக்கை. வீட்டுத் தண்ணீர் மோட்டாரின் இடது பக்கத்தில் உள்ளங்கையால் ஓங்கித் தட்டினால் அது ஓடும் என்று கண்டுபிடித்து, அந்தத் தட்டை மனைவிக்கும் பழக்கி, மனைவி ஊருக்குப் போகும் நாட்களில் பக்கத்து வீட்டுக்காரருக்கும் பழக்கி, மோட்டாரைத் திருத்த வந்தவனை வாசலோடு திருப்பி அனுப்புகிறவர் இவர்தான். 

கணனி வந்தது. இந்த இனத்துக்குப் பொற்காலம் பிறந்தது.

மாதிரிக்கு ஒருவரைப் பார்ப்போம். பெயர் பூபாலசிங்கம். வெள்ளவத்தையில், காலி வீதியில், ஒரு புடைவைக் கடையின் மேல்மாடியில் மூன்று கணனிகளும் ஒரு குளிரூட்டியும் கொண்டு நடந்த நிறுவனம் ஒன்றில் அவர் தலைமைப் புறோகிறாமர். குளிரூட்டி கணனிகளுக்காக வாங்கியது. காற்று அவருடைய பிடரிக்குப் போகும்படி திருப்பி வைக்கப்பட்டிருந்தது. தன் ஊரில் பட்டம் பெற்ற முதல் ஆள் அவர். இதை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவேண்டி இருக்கவில்லை. மேசையில் இருந்த பெயர்ப்பலகையில் பெயரைவிடப் பட்டத்தின் எழுத்துகள் பெரிதாக இருந்தன. ஒரு பட்டதாரி எழுதியது ஓடிக்கொண்டும் இருக்கிறது என்றால், அதற்கு மேல் அதில் ஆராய என்ன கிடக்கிறது?

அவருடைய மந்திரங்கள் மூன்று. "என்ர மெசினில ஓடுது." "நேற்று ஓடினதுதானே." இரண்டும் சரிவராத இடத்தில், குரலைத் தாழ்த்தி, "அந்த வரியை மட்டும் தொடாதேங்கோ."

வாடிக்கையாளரின் கணனியில் புறோகிறாம் படுத்துவிட்டால் வைரஸ் என்பார். வைரஸ் இல்லையென்றால் மின்சாரம் ஏறி இறங்குகிறது என்பார். மின்சாரமும் சரியென்றால், தன் சொந்தக் கணனியைக் கழற்றிப் படுக்கை விரிப்பில் சுற்றி, முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு வாடிக்கையாளரிடமே போய்விடுவார், அங்கே வைத்து ஓட்டிக் காட்டுவதற்கு. குண்டு எங்கே, யாருடைய மடியில் வருகிறது என்று தெருவெல்லாம் தடுப்புப் போட்டுத் தேடிக்கொண்டிருந்த காலத்தில், விரிப்பால் சுற்றிய பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு தமிழ் ஆள் வெள்ளவத்தையிலிருந்து மருதானைக்குப் போனால் எத்தனை இடத்தில் இறக்குவார்கள்? எல்லா இடத்திலும் இறக்கினார்கள். எல்லா இடத்திலும் அவிழ்த்துக் காட்டினார். போய்ச் சேர்ந்து ஓட்டியும் காட்டினார். "பாத்தீங்களா? என்ர மெசினில ஓடுது." வாடிக்கையாளர் தன் கணனியைக் குற்றவாளியைப் போலப் பார்த்தார்.

நாம் எழுதும் புறோகிறாமை இயந்திரத்துக்கு விளங்கும்படி மாற்றிக் கொடுக்க கொம்பைலர் என்றொன்று இருக்கிறது. நல்ல வளர்ப்பு. பிழை கண்டால் நிறுத்தும். சந்தேகம் கண்டால், நிறுத்தாமல் ஒரு எச்சரிக்கை மட்டும் போடும். பூபாலசிங்கம் அந்த எச்சரிக்கைகள் திரையில் வராதபடி அடைத்து வைத்திருந்தார்.

"அது சும்மா கத்தும் பிள்ளை. கஸ்ரமர் பாத்தாப் பயந்துபோவான்."

"கஸ்ரமர் பயப்பட வேண்டாம். நீங்க பயப்படுங்க." இதைச் சொன்னவள் ஐறீன். அடுத்த மேசைக்காரி. கொட்டாஞ்சேனையில் பிறந்து, பஸ்ஸில் இடம் பிடிப்பதிலிருந்து வாய் காட்டுவது வரை அங்கேயே பழகியவள். கொம்பைலர் முன்பு கத்திய வேலையை இப்போது அவள் பார்த்துக்கொண்டாள். அவளை அடைத்து வைக்கத்தான் பூபாலசிங்கத்துக்கு வழி தெரியவில்லை.

சரி, அவர் செய்த பிழைதான் என்ன? கணனி தெரியாதவர்கள் இந்த இடத்தில் பயந்து பக்கத்தைப் புரட்ட வேண்டாம். வெள்ளவத்தை லொட்ஜ் தெரிந்தால் போதும்.

ஒரு புறோகிறாமுக்குள் சின்னச் சின்ன வேலைப் பிரிவுகள் உண்டு. ஒரு பிரிவு தன் வேலையைத் தொடங்கும்போது கணனியின் நினைவகத்தில் தற்காலிகமாக ஓர் இடம் எடுத்து, அதில் எழுத்துகளை வரிசையாக அடுக்கிக்கொள்ளும். அந்த வரிசைக்கு அரே என்று பெயர். வேலை முடிந்த கணமே இடம் கைமாறிவிடும். அடுத்து வருகிறவருக்கு உரியது. பூபாலசிங்கம் எழுதிய பிரிவோ, ஓர் ஆளின் முழுப் பெயரைத் தன் தற்காலிக இடத்தில் அழகாக அடுக்கி, "பெயர் இன்ன இடத்தில் இருக்கிறது, போய் எடுத்துக்கொள்" என்று விலாசத்தை மட்டும் கையில் கொடுத்துவிட்டு, அறையைக் காலி பண்ணிக்கொண்டு போய்விடும்.

உங்கள் உறவினர் ஒருவர் லொட்ஜில் நிற்கிறார். மேல்மாடி, மூலை அறை என்று விலாசம் தந்தார். நீங்கள் ஆறுதலாகப் போகிறீர்கள். அவர் அன்று காலையே கனடாவுக்கு ஏறிவிட்டார். கதவைத் திறந்தால் சில வேளை அறை இன்னும் கூட்டப்படவில்லை. துவாய் கொடியில் கிடக்கிறது. சவர்க்காரம் ஈரமாக இருக்கிறது. ஆள் இங்கேதான் என்று நினைத்துச் சந்தோஷமாகத் திரும்பி விடுவீர்கள். இன்னொரு வேளை, வவுனியாவிலிருந்து நேற்று வந்த யாரோ ஒருவர் சாரத்தோடு கதவைத் திறப்பார். இன்னொரு வேளை பொலிஸ் திறக்கும். இன்னதுதான் நடக்கும் என்று யாராவது உங்களுக்கு வாக்குத் தந்தார்களா? அந்தக் கணனி மொழிக்கு விதி எழுதியவர்களும் தரவில்லை. காலி செய்த இடத்தின் விலாசத்தை வைத்துக்கொண்டு போனால் நடப்பதற்கு நாங்கள் பொறுப்பில்லை, எதுவும் நடக்கலாம் என்று எழுதிவிட்டுக் கையைக் கழுவிவிட்டார்கள். வரையறுக்கப்படாத நடத்தை என்று அதற்குக் கௌரவமான பெயரும் வைத்தார்கள்.

ஐறீன் இதை இந்த லொட்ஜோடு சேர்த்தே அவருக்குச் சொல்லிப் பார்த்தாள்.

"பூபாலண்ணை, இது ஆள் வெளிக்கிட்ட அறை. அந்த விலாசத்தைக் குடுக்கப்படாது."

"நான் போய்ப் பாத்தனான் பிள்ளை. ஆள் இருந்தவர்."

"அது ஆளில்ல. துவாய்."

"துவாய் கிடந்தா, ஆள் கிட்டடியிலதானே நிப்பார்?"

இதற்கு என்ன பதில் சொல்வது? உங்களுக்குத் தெரிந்தால் ஐறீனுக்கு எழுதிப் போடுங்கள்.

வீடியோக் கடையில் படக் கொப்பி வாடகைக்குக் கொடுக்கிற புறோகிறாமாக இருந்திருந்தால், ஒரு படம் கேட்டவருக்கு வேறொரு படம் போயிருக்கும், பார்த்துவிட்டுத் திட்டியிருப்பார், அவ்வளவுதான். ஆனால் வந்து சேர்ந்த வேலை வேறு. துறைமுகத்துக்குப் பக்கத்தில் பெரிய களஞ்சியம் ஒன்று. அங்கே வேலை செய்கிறவர்கள் எல்லாருக்கும் புதிய வேலை அட்டை அடித்துக் கொடுக்க வேண்டும். திங்கட்கிழமையிலிருந்து பழைய அட்டை செல்லாது. அந்தத் தெருவில் வாசலுக்கு வாசல் சோதனை. தேசிய அடையாள அட்டையில் இருக்கிற பெயரும் வேலை அட்டையில் இருக்கிற பெயரும் ஒன்றாக இருந்தால் போகலாம். இரண்டும் இரண்டு பெயராக இருந்து, வைத்திருக்கிறவன் தமிழனாகவும் இருந்தால், அன்று பின்னேரம் அவன் வீட்டுக்கு வரமாட்டான். எப்போது வருவான் என்று கேட்கப் போகிறவர்களுக்கும் ஒருவரும் வாக்குத் தரமாட்டார்கள்.

அந்தக் களஞ்சியத்தில் மூட்டை எண்ணிக் குறிக்கிற வேலையில் இருந்தவன் ஹியூபேட். ஐறீனின் தம்பி.

வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் கடைசிச் சோதனை. புறோகிறாம் வேகமாக ஓடும்படி மாற்றிக் கொடுக்கச் சொல்லிக் கொம்பைலரை முடுக்கிவிட்டு ஐறீன் ஒரு பெயரை அடித்துப் பார்த்தாள். பெயர் வரவில்லை. கோழி கிளறியது மாதிரி ஏதோ வந்தது. பூபாலசிங்கம் அசரவில்லை. எண்பது எழுத்துக்கு எடுத்திருந்த அரேயை இரண்டாயிரமாக்கினார். மறுபடி ஓட்டினார். பெயர் முத்து முத்தாக வந்தது.

"எப்பிடி?" என்றார்.

"அதைத்தான் நானும் கேக்கிறன். எப்பிடி?"

"அறை பெரிசெண்டா ஆள் வெளிக்கிட நேரம் எடுக்கும்தானே."

சொல்லும்போது அவர் பகிடி விடவில்லை. அரே பெரிதானபோது பெயரின் எழுத்துகள் நடமாட்டமில்லாத ஒரு மூலைக்குத் தள்ளிப்போயின, அந்த மூலைக்கு அன்று யாரும் வரவில்லை, அதனால் தப்பின. இது அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை. ஓடுவதற்குக் காரணம் தேடுவது, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மீன் எங்கே பிடித்தது என்று விசாரிப்பது போன்ற அநாகரிகம் என்பது அவர் எண்ணம்.

"அண்ணை, எங்கட ஹியூபேட்டுக்கும் இதிலதான் அட்டை வரும்."

"அப்ப பயமில்லை. நான் செய்த சாமான்."

அன்றைக்கு ஐறீனின் கோயிலில் திருநாளுக்கு முந்தின மாலைச் செபம், வெஸ்பர்ஸ். வெள்ளைச் சாரி வேறு அயன் பண்ண வேண்டும். நேரத்தைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். "சரி, ஓடட்டும்" என்று பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள். இந்த ஒரு வசனத்தைத் தயவுசெய்து கவனித்து வையுங்கள். தொற்று எவ்வளவு சுகமாகப் பரவுகிறது பாருங்கள்.

சனிக்கிழமை களஞ்சியத்தில் அட்டைகள் அடிக்கப்பட்டன. பிறிண்டர் நல்ல பிள்ளையாகக் கீறிச்சிட்டுக்கொண்டே அடித்தது. முகாமையாளர் பற்றீஸும் பிளேன்ரீயும் வரவழைத்தார். வேலை இலக்க வரிசையில் அட்டை வரவர, எழுதுவினைஞர் ஒருவர் இலக்கத்தைப் பார்த்துப் படத்தை ஒட்டி, பிளாஸ்ரிக் உறை போட்டுச் சுடவைத்தார். பெயரை அவர் பார்க்கவில்லை. கொம்பியூட்டர் அடித்த பெயரை மனிதன் பார்ப்பதா? நடுவில் ஒரு தரம் அட்டைக் கடதாசி தீர்ந்து, புதுக் கட்டு வைத்தார்கள். அதைப் பெரிய விஷயமாக யாரும் எண்ணவில்லை. பூபாலசிங்கம் இரண்டாவது பற்றீஸ் எடுத்துக்கொண்டிருந்தார்.

திங்கள் போனது. செவ்வாய் போனது. புதன், வியாழனும் போயின. ஹியூபேட் வாசலில் அட்டையை நீட்டினான், காவலுக்கு நின்ற சென்ரி முகத்தையும் படத்தையும் பார்த்தது, போகச் சொன்னது. வெள்ளிக்கிழமை வாசலில் நின்றது புதிதாக மாற்றலாகி வந்த பொலிஸ்காரர். வாசிக்கிற பழக்கம் உள்ளவர். இரண்டு அட்டையையும் அருகருகே பிடித்தார். தேசிய அடையாள அட்டையில் ஹியூபேட். வேலை அட்டையில், தடித்த மீசையோடு முறைத்துக்கொண்டிருந்த அதே ஹியூபேட்டின் படத்துக்குக் கீழே, சுத்தமான பெரிய எழுத்தில்: கொன்ஸ்ரன்ஸ் மாக்ரெட்.

அது அதே களஞ்சியத்தில் தட்டெழுத்து வேலை செய்த பெண்ணின் பெயர். அவளிடமும் ஓர் அட்டை இருந்தது. அதிலும் அவளுடைய பெயர்தான் இருந்தது.

புடைவைக் கடை மாடியில் தொலைபேசி அடித்தது. அம்மா. தம்பியைப் பொலிஸ் கொண்டுபோய்விட்டது என்றார். ஐறீன் கேட்டாள், ரிசீவரைக் கீழே வைக்கவில்லை, அது தானாக விழுந்தது. அடுத்த நிமிடம் தலைமைப் புறோகிறாமர், சேர்ட் கையில் பிடித்து இழுக்கப்பட்டு, படி இறங்கிக்கொண்டிருந்தார்.

முச்சக்கர வண்டியில் அவள் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். "உங்கட புறோகிறாம் பிழையெண்டு காட்டத்தான் போறம். விளங்குதா அண்ணை? பிழையெண்டு."

"ஓம், ஓம்" என்றார் பூபாலசிங்கம். வாய் சொன்னது. உள்ளே வேறு வழக்கு நடந்துகொண்டிருந்தது. படம் ஒட்டினவன் மாற்றி ஒட்டியிருப்பான். பெயரைப் பதிந்து கொடுத்தவன் மாற்றிப் பதிந்திருப்பான். பாவம், அந்தப் பொடியன் ஹியூபேட்; ஆனால் அவனுக்காக ஓடுகிற ஒரு சாமானை ஓடவில்லை என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

பொலிஸ் நிலையத்தின் பொறுப்பதிகாரி பொறுமைசாலி. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. ஐறீன் சிங்களத்தில் மூச்சுவிடாமல் சொன்னதை எல்லாம் கேட்டார். பிறகு எழும்பித் தொப்பியைப் போட்டுக்கொண்டார். மெசின் பிழை என்றால் மெசினையே பார்ப்போம் என்றார். களஞ்சியத்துக்கு ஜீப் போனது. பின்னால் இரண்டு பொலிஸ்காரருக்கு நடுவில் ஹியூபேட். விலங்கு போட்டிருந்தார்கள். அக்காவைப் பார்க்காமல் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

"ஹியூபேட் அட்டையை அடி" என்றார் அதிகாரி.

பூபாலசிங்கம் விசைப்பலகைக்கு முன்னால் உட்கார்ந்தார். வேலை இலக்கத்தை அடித்தார். பிறிண்டர் முனகியது. அந்தச் சத்தம் கேட்டதும் பல வருடப் பழக்கத்தில் அவருடைய நெஞ்சு தன்பாட்டில் கும்பிடத் தொடங்கியது: முருகா, ஓட வேணும், ஓட வேணும். அட்டை வெளியே வந்தது. ஹியூபேட். எழுத்துப் பிசகில்லாமல், அச்சொட்டாக, ஹியூபேட்.

"சேர்! வேர்க்கிங்!" அவர் கதிரையிலிருந்து துள்ளி எழும்பிவிட்டார். "பெர்பெக்ட்லி வேர்க்கிங், சேர்!"

ஐறீன் கண்ணை மூடிக்கொண்டாள்.

அதிகாரி புது அட்டையை வாங்கினார். பிடிபட்ட அட்டையையும் எடுத்தார். இரண்டையும் பூபாலசிங்கத்தின் முகத்துக்கு நேரே பிடித்தார். "மெசின் ஹரி" என்றார் மெதுவாக. "எஹெனம் மேக்க கவுத ஹெதுவே?"

மெசின் சரி. அப்படியென்றால் இதைச் செய்தது யார்?

எல்லாரும் ஹியூபேட்டைப் பார்த்தார்கள். ஹியூபேட் பூபாலசிங்கத்தைப் பார்த்தான்.

ஒரு மனிதன் தான் செய்த வேலை வெற்றி பெற்றதற்காகப் பயப்படுவானா? பூபாலசிங்கம் பயந்தார். இன்னொரு தரம் அடிக்கவா என்று கேட்டார். அடித்தார். ஹியூபேட். முருகா, பிழையாய் அடிக்க வேணும், இந்த ஒருக்கால் மட்டும் பிழைக்க வேணும். அடித்தார். ஹியூபேட். வாழ்நாள் முழுக்க ஓட்டிக் காட்டப் பழகினவர், படுக்க வைத்துக் காட்டப் பழகவில்லை. ஏன் ஓடுகிறது என்று தெரிந்தவனுக்குத்தானே எப்போது ஓடாது என்றும் தெரியும்?

"சேர்" என்றார். "பிழை என்ர புறோகிறாமில."

"இப்பத்தானே பெர்பெக்ட் எண்டாய்?" இதற்கு அதிகாரிக்குத் தமிழ் வந்தது.

"பெர்பெக்ட்தான் சேர். ஆனா அது... சும்மா பெர்பெக்ட். சில நேரம் சரி வரும், சில நேரம்..." ஐறீன் படிப்பித்த லொட்ஜ் கதை ஒன்றும் ஞாபகம் வரவில்லை. விதிப் புத்தகம் மட்டும் ஞாபகம் வந்தது. "எனித்திங் கேன் ஹப்பின், சேர்."

"எனித்திங்?" அதிகாரி புருவத்தைத் தூக்கினார். "போம் ஓல்சோ?"

அந்தக் காலத்தில், அந்தத் தெருவில், குண்டு என்கிற அந்தச் சொல்லைக் கேட்டதும் பிளேன்ரீ கொண்டுவந்த ஆள்கூட நின்ற இடத்தில் நின்றுவிட்டார். பொலிஸ்காரர் ஒருவர் ஹியூபேட்டின் தோளைப் பிடித்தார். பூபாலசிங்கம் இல்லை, இல்லை என்று சொல்ல நினைத்து, தலையைத்தான் ஆட்டினார். அது ஓம் என்று ஆட்டியதுபோல இருந்தது.

"தள்ளுங்கோ" என்றாள் ஐறீன். தலைமைப் புறோகிறாமர் கதிரையோடு தள்ளப்பட்டார்.

அவள் புறோகிறாமைத் திறந்து வரி வரியாக மேலிருந்து கீழே போனாள். பெயரை அடுக்கு. விலாசத்தை வாங்கு. பிறிண்டரில் கடதாசி இருக்கிறதா பார். இருந்தால் அடி. கடதாசி இல்லையென்றால் திரையில் ஒரு செய்தி காட்டு: கடதாசி வைக்கவும், இதற்கு அடுத்த அட்டை இன்னாருடையது. அந்த இன்னாரின் பெயரை அடுக்குவதற்கும் அதே பிரிவு. அதே தற்காலிக இடம். அதே அறை.

"சனிக்கிழமை நடுவில கடதாசி முடிஞ்சதா?" என்றாள் திரும்பிப் பார்க்காமல்.

"முடிஞ்சது மிஸ்" என்றார் படம் ஒட்டிய எழுதுவினைஞர்.

"வேலை இலக்கத்தில ஹியூபேட்டுக்கு அடுத்தது ஆர்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "கொன்ஸ்ரன்ஸ் மிஸ்."

ஐறீன் எழும்பி நின்று அதிகாரியிடம் அவருடைய பெயரைக் கேட்டாள். அவர் சொன்னார், சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்துவிட்டு. ஹியூபேட்டின் இடத்தில் அந்தப் பெயரையும் அவருடைய பதவியையும் பதிந்தாள். பிறிண்டரிலிருந்து கடதாசிக் கட்டை உருவினாள். அடிக்கச் சொல்லி விசையைத் தட்டினாள். திரையில் செய்தி வந்தது: கடதாசி வைக்கவும், அடுத்தது கொன்ஸ்ரன்ஸ் மாக்ரெட். ஹியூபேட்டின் மேல் இருந்த கண்கள் எல்லாம் இப்போது ஒரு பிறிண்டரின் மேல் இருந்தன. கட்டைத் திரும்ப வைத்தாள். விசையைத் தட்டினாள்.

அட்டை வந்தது. அதிகாரி அவராகவே எடுத்து வாசித்தார். வாசித்து முடித்தும் அட்டையைக் கீழே இறக்கவில்லை. பின்னால் எட்டிப் பார்த்த பொலிஸ்காரருக்குச் சிரிப்பு வந்து, அது இருமலாக மாறி, இருமல் விக்கலாக மாறி, கடைசியில் அவர் வெளியே போக வேண்டியதாயிற்று. கொன்ஸ்ரன்ஸ் மாக்ரெட், பொறுப்பதிகாரி.

"விலங்கைக் கழற்று" என்றார் அதிகாரி. தன்னுடைய புது அட்டையை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். ஐறீனைப் பார்த்துத் தலையை ஒருதரம் அசைத்தார். பூபாலசிங்கத்தைக் கடந்து போகும்போது மட்டும் நின்றார். "மாத்தயா, ப்ளேன் ஓட்டுறவங்களுக்கு ஒண்டும் எழுதிக் குடுக்க வேண்டாம், சரியா?"

ஜீப் போனது. பூபாலசிங்கம் ஒரு மூலையில் இருந்து முழுக் கோப்பைத் தண்ணீரும் குடித்தார். அவருடைய முகத்தைப் பார்த்தவர்கள், இந்த மனிதன் இனித் திருந்திவிடுவான் என்று நினைத்திருப்பார்கள். திருந்தத்தான் போனார் என்றும் சொல்லலாம். தண்ணீர் முடியும்வரை திருந்தியிருந்தார். கோப்பையைக் கீழே வைத்ததும் முகம் தெளிந்தது.

"அப்ப கடதாசியிலதான் பிழை" என்றார்.

ஐறீன் எழுதிக்கொண்டிருந்தாள். பெயரை அடுக்கும் பிரிவு இனித் தன் தற்காலிக இடத்தில் அடுக்காது; அட்டை அடிக்கும் பிரிவு, தன் வேலை முடியும்வரை தன்னுடையதாகவே இருக்கிற ஓர் இடத்தைக் கொடுக்கும், அதில் அடுக்க வேண்டும். அடுத்த ஆளின் பெயருக்கு வேறொரு இடம். சில வரிகள்தான். கொம்பைலரின் எச்சரிக்கைகளையும் திறந்துவிட்டாள். அது இத்தனை காலமும் வாயைக் கட்டி வைத்ததற்குச் சேர்த்துத் திரை நிரம்பக் கத்தியது. அவள் திருத்திக்கொண்டிருக்க, பூபாலசிங்கம் வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து, "அட்டை அடிக்கும்போது கடதாசி முடிய விடாதீர்கள்" என்று மூன்று மொழியிலும் அழகாக எழுதி, பிறிண்டருக்கு மேலே ஒட்டி, கீழே பட்டத்தோடு கையெழுத்தும் வைத்தார்.

களஞ்சிய வாசலில் ஹியூபேட் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு நின்றான். ஐறீன் அவனுக்குக் கிட்டப் போனாள். கட்டிப்பிடிப்பாள் போல இருந்தது. முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"விசரா! உன்ர அட்டையில உன்ர பேரை ஒருக்காலெண்டாலும் வாசிச்சுப் பாத்தியா?"

"ஏன் வாசிப்பான்?" என்றான் ஹியூபேட், உண்மையாகவே விளங்காமல். "நாலு நாளா ஒருத்தரும் மறிக்கேல்லைத்தானே அக்கா."

பின்னால் வந்துகொண்டிருந்த பூபாலசிங்கம் சட்டென்று நின்றார். அந்தப் பொடியனை முதல்முதலாக ஏற இறங்கப் பார்த்தார். அன்று முழுவதும் ஒருவரும் அவரை விளங்கிக்கொள்ளாத துயரம் அவர் முகத்திலிருந்து வடிந்து போனது. "அதுதானே, தம்பி" என்றார். அவ்வளவு மரியாதையோடு அவர் யாருடனும் பேசி ஐறீன் கேட்டதில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நீங்கள் படித்தவர், காரணம் கேட்கிறவர், மோட்டாரைத் தட்டாதவர். பாமன்கடையில் இருக்கிறீர்களா, கொட்டாஞ்சேனையில் இருக்கிறீர்களா, எங்கே இருந்தாலும் வெளியே இறங்கும்போது சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறீர்கள். அட்டை அங்கேதான் இருக்கிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கடைசியாக எப்போது வாசித்தீர்கள்?

வேண்டாம், வேண்டாம். இப்போது எடுக்க வேண்டாம். உங்களைத்தான் இதுவரை ஒருவரும் மறிக்கவில்லையே.